கன்னியம்மாவிடம் தனியாகக் கேட்டது

1. ரெஃபரல் சீட்டு

கன்னியம்மாவுக்கு அது ஏழாவது மாதம். ஹீமோகுளோபினும் ஏழுதான். பாபநாசம் பக்கத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்த நான், ரத்தம் ஏற்றுவதற்காக அவளைத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு இரண்டு தடவை ரெஃபர் செய்தேன். அவள் போகவில்லை.

அவளும் கணவன் முருகனும் ஓர் அரிசி ஆலையில் இருந்தார்கள். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, வெயிலில் காலால் கிளறிவிடும் வேலை. இன்னும் இரண்டு குடும்பங்களும் களத்தை ஒட்டிய ஷெட்டிலேயே தங்கியிருந்தன.

“ஏம்மா போகல?” என்று கேட்டால் ஆலை மேஸ்திரிதான் பதில் சொல்வார்.

“அதுக்கு ஊசின்னா பயம் சிஸ்டர். நான் அனுப்பி வைக்கிறேன்.”

கன்னியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் ரெஜிஸ்டரில் ‘வர மறுத்தார்’ என்று எழுதிவிட்டு வண்டியை எடுத்துவிடுவேன்.

மூன்றாம் தடவை, “வயித்தைத் தொட்டுப் பாக்கணும், ஆம்பளைங்க வெளிய இருங்க” என்று ஷெட் கதவைச் சாத்தினேன். பிள்ளையின் துடிப்பைக் கேட்டபடியே, “உன்னைப் போக விடலையா?” என்றேன்.

கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“வாங்குன முன்பணம் தீருற வரைக்கும் கேட்டைத் தாண்டக் கூடாதுன்னுட்டாங்க. மூணு வருசமாச்சு நர்சம்மா.”

“மேல சொல்லட்டுமா?”

“சொன்னா எல்லாரையும் சேர்த்து விடுவாங்களா? ஒருத்தரை விட்டுட்டு நான் வர மாட்டேன்.”

2. விசாரணை

நேராக முதலாளியிடம் போய்ச் சண்டை போடத்தான் எனக்குத் தோன்றியது. எங்கள் சுகாதார நிலைய டாக்டர் தடுத்தார்.

“அவர் காதுல விழுந்தா ஒரே நாள்ல ஆளுங்களை வேற எடத்துக்கு மாத்திடுவாரு. இது கொத்தடிமை கேஸு, ரெவென்யூ ஆர்.டி.ஓ. கிட்ட எழுதிக் குடுங்க சிஸ்டர்.”

பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஆர்.டி.ஓ. அம்மா போலீசோடு ஆலைக்கு வந்து, என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக விசாரித்தார். முதலில் வந்த முருகன், “எங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க” என்றான். அடுத்து கன்னியம்மா. “என் பொண்ணு எங்கன்னு கேளுங்கம்மா” என்றாள்.

அவள் கர்ப்பகால அட்டையில் இரண்டாவது பிரசவம் என்று நானேதான் எழுதியிருந்தேன். முதல் பிள்ளை எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒன்பது வயதுப் பெண். முதலாளி வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளை ஈரக் கையோடு அழைத்துவந்தார்கள். அவளைக் கட்டிக்கொண்டு அழுத முருகன் அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னான். அன்று மாலையே மூன்று குடும்பங்களுக்கும் விடுதலைச் சான்று கிடைத்தது.

3. ஆம்புலன்ஸ்

“ஏறும்மா, ஆஸ்பத்திரிக்கு” என்றேன். கன்னியம்மா ஏறவில்லை.

“எங்கம்மா செத்ததுக்குக்கூட விடல. மொதல்ல ஊருக்குப் போகணும்.”

“ரத்தமே இல்ல உடம்புல, பேசாம ஏறு!” என்று அதட்டிவிட்டேன். அவள் உடனே தலையைக் குனிந்துகொண்டு படியில் கால் வைத்தாள். அது என்னைச் சுட்டது. அவளைக் கேட்காமல் ஓரிடத்துக்கு ஏற்றிக்கொண்டு போக நானும் கிளம்பியிருந்தேன்.

அந்தப் படியிலேயே உட்காரவைத்து, ரத்தம் ஏற்றாவிட்டால் அவளுக்கும் பிள்ளைக்கும் என்ன ஆகலாம் என்று பொறுமையாகச் சொன்னேன். “இனி நீ சொல்லு, எப்படிச் செய்யலாம்?”

யோசித்தாள். “நாலு நாள் ஆஸ்பத்திரி. அஞ்சாம் நாள் ஊரு. நீங்களும் வரணும்.”

போனேன்.

புதிதாகச் செவிலியர் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, ஒருவருக்காக எப்போதும் இன்னொருவரே பதில் சொன்னால் தனியாகக் கேளுங்கள். தெரிந்ததை உரியவரிடம் எழுதிக் கொடுங்கள். வெளியே வந்த பிறகு எங்கே போவது என்பதை மட்டும் அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.