என் கணவர் போட்ட ஆறு மார்க்கு

கணவன் மனைவி ஒருவருக்கொருவர் பத்துக்கு எத்தனை மார்க்கு தருவீர்கள் என்று ஒரு பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவரிடம் காலையில் விளையாட்டாகக் கேட்டேன்.

"ஆறு" என்றார்.

"நாலு இன்னாத்துக்குக் கம்மி?" என்று கத்தினேன். பதில் சொல்ல வாயெடுத்தவர், நான் மேலும் கத்தவே, சாப்பிடாமலே போய்விட்டார்.

மத்தியானம் அவர் மயங்கி, தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் விழுந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னான். பதறி ஓடினேன். கூட இருந்தவர்கள் உடனே தூக்கித் தண்ணீரை ஊற்றிக் கழுவியதால் கண் பிழைத்தது. முகமெல்லாம் வெந்து சிவந்திருந்தது.

"காலையில இன்னா சொல்ல வந்தீங்க?" என்று அழுதேன்.

"நான் பேசி முடிக்கறதுக்குள்ள நீ கத்திடற. வேற ஒரு கொறையும் இல்ல" என்றார்.

இப்போது நான் மார்க்கு கேட்பதில்லை. அவர் பேசினால், முடிக்கும்வரை வாய் திறப்பதில்லை. சில நாள் அது பெரும்பாடாகத்தான் இருக்கிறது.