இடது பக்கம் கசிந்த குரல்

எங்கள் அக்காவுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து முகம் பூசணிக்காய் மாதிரி உப்பியது. வீக்கம் வடிந்தபோது அந்தக் காதையும் கூடவே கொண்டுபோய்விட்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அம்மா திட்டும்போது நானெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவேன். அவளுக்கு வெளியே விட வழி கிடையாது, வாங்கியது உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் வீட்டில் நல்ல பெயர் அவளுக்கு, கெட்ட பெயர் எனக்கு.

அப்படிப்பட்டவள் பார்க்கிற வேலை, பாட்காஸ்ட் மிக்ஸ் செய்வது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அவள் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. மூச்சிரைப்பு, நாற்காலி கிறீச்சிடல், எச்சில் விழுங்கும் சத்தம் எல்லாவற்றையும் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கி எடுத்துவிடுவாள். முன்பு இரண்டு கம்பெனியில் காது விஷயத்தை உள்ளபடி சொன்னாள். இரண்டு பேருமே "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. மூன்றாவதாகப் போன இந்த இடத்தில் யாரும் கேட்கவில்லை, அவளும் மூச்சு விடவில்லை. நான்தான் அவளிடம் மூச்சு விடாதே என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அந்த நிலையத்தில் எல்லாமே மோனோ. அதாவது எத்தனை பேர் பேசினாலும் எல்லாக் குரலும் ஒன்றாகக் கலந்து, இரண்டு காதுக்கும் ஒரே சத்தம் போகும். ஒரு காது உள்ளவளுக்கும் அதில் ஒரு சொல் விட்டுப்போகாது. ஃபைல் அளவும் பாதி என்பதால் முதலாளிக்கும் சந்தோஷம். முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரக்குடுக்கை. காபியைக் கூட ஆற்றாமல் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, அந்தக் கோபத்தையும் மற்றவர்கள் மேல் காட்டுகிற மனிதர்.

அவருக்குத் திடீரென்று ஸ்டீரியோ ஆசை வந்தது. போட்டி நிகழ்ச்சி ஒன்றை யாரோ அவருக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். "பேட்டி எடுக்கிறவர் இடது பக்கம், வந்தவங்க வலது பக்கம். கேக்கறவன் நடுவுல உக்காந்த மாதிரி இருக்கணும்" என்றார். அக்கா தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். எடிட் செய்யும்போது மோனோ பட்டனை அழுத்தி வைத்துக்கொள்வாள். எல்லாம் முடிந்து எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை முழுசாக ஒருமுறை கேட்பாள். அப்புறம் ஹெட்போனைத் திருப்பி, இடதை வலதில் மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு முறை கேட்பாள். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம். யாராவது எட்டிப்பார்த்தால், "ஒயர் தோள்ல இடிக்குது" என்பாள்.

அந்த வாரம் பேட்டிக்கு வந்தவள் புருஷனிடம் அடி வாங்கி அடி வாங்கி, ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறிய பெண். எங்கே இருக்கிறாள் என்று புருஷனுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன செய்வான் என்பதை அவளுடைய கையில் இருந்த தழும்பே சொல்லும். பெயர் சொல்லமாட்டேன், இருக்கிற இடம் சொல்லமாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் வந்தாள். "அப்புறம் ஏன் பேச வரீங்க?" என்று அக்கா மைக் மாட்டும்போது கேட்டிருக்கிறாள்.

"அவர் லாரி ஓட்டறவரு. வழியெல்லாம் இந்த நிகழ்ச்சியைத்தான் கேப்பாரு. காசு கட்டி முதல் ஆளா கேப்பாரு. நான் பயந்து சாகலைன்னு அவருக்குத் தெரியணும். அதான்."

பேச்சு சூடேறியபோது அந்தப் பெண் தன்னை மறந்து வாய் தவறிவிட்டாள். குடியிருக்கிற ஊர், தெரு, கீழே இருக்கிற கடை எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டன. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஓடிப்போய், "பயப்படாதீங்க, அதை நான் எடுத்துடறேன்" என்று கையைப் பிடித்துச் சொன்னாள். சொன்னபடியே அந்தப் பெண்ணின் மைக் பதிவான ட்ராக்கில் அந்த வரியைச் சுத்தமாக வெட்டினாள்.

ஆனால் மேஜையில் இருந்தது இரண்டு மைக். பேட்டி எடுப்பவருடைய மைக்கிலும் எதிரே பேசியது லேசாகக் கசிந்திருந்தது. எடிட் செய்யும்போது காதில் விழாத அளவுக்கு லேசு. எக்ஸ்போர்ட் செய்யும்போது குரல் அளவைச் சமப்படுத்தும் கருவி ஒன்று ஓடும். இரண்டு ட்ராக்கிலும் குரல் சன்னமாக இருக்கிற இடத்தை அது தூக்கிவிடும். அந்தப் பெண்ணின் ட்ராக் வெட்டுப்பட்டு, பேட்டி எடுப்பவரும் வாய் மூடியிருந்த அந்த இடத்தில், அவருடைய ட்ராக்கில் இருந்த கசிவை அது தூக்கிவிட்டது. அவர் இருந்தது இடது பக்கம்.

ஹெட்போனைத் திருப்பியிருந்தால் அக்காவுக்கு அது கேட்டிருக்கும். அன்றைக்கென்று அவசரக்குடுக்கை காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். "ஒரு தடவை கேட்டாச்சுல்ல? அப்புறம் என்ன பூஜையா? ஏத்து!" என்றார். இரண்டாம் முறை ஏன் கேட்க வேண்டும் என்று சொன்னால் காது விஷயத்தைச் சொல்ல வேண்டும். அக்கா சொல்லவில்லை. ஏற்றிவிட்டாள்.

நான் பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற பூங்காவில் உட்காருவோம். அன்றைக்கு அக்கா ஃபைலைத் தன் போனில் போட்டு, வழக்கம்போல் வலது இயர்போனை அவள் வைத்துக்கொண்டு இடதை எனக்குக் கொடுத்தாள். எனக்கு அந்தப் பெண்ணின் குரல் தூரத்தில் சன்னமாகவும், பேட்டி எடுப்பவரின் இருமல் பக்கத்திலும் கேட்டது. இதைப் போய் ஸ்டீரியோ என்று கொண்டாடுகிறார்களே என்று எரிச்சலோடு மென்றுகொண்டிருந்தேன்.

திடீரென்று அந்தச் சன்னக் குரல் பெரிதாகியது. ஊர் பெயர், தெருப் பெயர், கடையின் பெயர், "அதுக்கு மேல மாடியில இருக்கோம்."

"அக்கா, இடத்தைச் சொல்லவே மாட்டாங்கன்னு சொன்னியே?"

"சொல்லலையேடி."

"இப்போ சொன்னாங்களே."

"வெட்டிட்டேன்டி. எனக்கு அங்க ஒண்ணுமே கேக்கலையே" என்றாள். என் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கித் தன் வலது காதில் சொருகி, ஃபைலைப் பின்னால் நகர்த்திக் கேட்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. யார் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

எல்லோருக்கும் நிகழ்ச்சி மாலையில்தான் வெளியாகும். காசு கட்டியவர்களுக்கு மட்டும் மதியமே போய்விடும். மதியம் ஆகிவிட்டிருந்தது.

சாப்பாட்டு டப்பாவைக்கூட மூடாமல் ஓடினோம். லிஃப்ட் வரவில்லை. படியேறிக்கொண்டே அக்கா முதலாளிக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. உள்ளே போனால், ஆள் தன் அறையில் ஜம்மென்று உட்கார்ந்து மேஜை ஸ்பீக்கரில் விளம்பரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், எபிசோடை உடனே எடுங்க. அவங்க வீட்டு விலாசம் உள்ளே இருக்கு."

"நானே காலையில கேட்டேன். ஒண்ணும் இல்லையே?"

"முழுசா கேட்டீங்களா?"

அவர் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தார். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் கேட்டிருப்பார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்பீக்கரை எடுத்து அவர் தலையிலேயே போட்டிருப்பேன்.

"நீதானே கேட்டு ஓகே சொன்னே? ஓகே சொன்னவளுக்கு இப்போ மட்டும் எப்படிக் கேக்குது? விளம்பரதாரர் கேட்டா என்ன பதில் சொல்றது? ஏதாவது உளறாதே."

நான் அக்காவின் கையை இறுக்கிப் பிடித்தேன். வேண்டாம், வேறு ஏதாவது பொய் சொல்லு என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் என் கையை விலக்கினாள்.

"எனக்கு இடது காது கேக்காது சார். சின்ன வயசுலயே போயிடுச்சு. இடது பக்கத்தை நான் கேக்கவே இல்லை. கேக்காமத்தான் ஓகே சொன்னேன். நம்பலைன்னா இவளைக் கேளுங்க, முதல்ல அதை எடுங்க."

அவர் அவளைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. பிறகு ஏதோ தட்டினார். எபிசோட் தளத்திலிருந்து நீங்கியது. ஆனால் அதற்குள் சிலர் தங்கள் போனில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். யார் என்று பெயர் தெரியாது, போன வண்டியைத் திருப்பிக் கூப்பிடவும் முடியாது.

"சரி, விடு" என்றார் குரலைத் தாழ்த்தி. "அவ்வளவு சின்ன சத்தம், யார் கவனிக்கப் போறா? அந்தம்மாவுக்குச் சொல்லி பயமுறுத்தாதே. சுத்தம் பண்ணி சாயங்காலம் ஏத்திடலாம். உன் காது விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம். நீ கம்முனு இருந்தா நானும் கம்முனு இருப்பேன்."

உண்மையைச் சொன்னால், எனக்கு அது நல்ல பேரமாகத்தான் பட்டது. வீட்டு வாடகை அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நானும் நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன், ஆனால் நினைத்தேன்.

அக்கா அவர் எதிரிலேயே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். மறுமுனையில் குக்கர் விசில் சத்தம் வந்தது, அடுப்பை அணைக்கிற சத்தம் வந்தது.

"கேக்குதாங்க?" என்றாள் அக்கா.

"உங்களை நம்பித்தானேங்க பேசினேன்."

"ஆமா."

"நான் இப்போ பெட்டி கட்டணுமா?"

அக்கா முதலாளியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "கட்டுங்க" என்றாள். "நான் வண்டி எடுத்துட்டு வரேன். எங்க வீட்டுலயே இருக்கலாம்."

அவசரக்குடுக்கை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "போறதா இருந்தா அப்படியே போயிடு" என்றார். அக்கா ஹெட்போனை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே போய்விட்டாள்.

தெரிந்த ஆளின் வேனை எடுத்துக்கொண்டு நாங்கள் போனபோது வெயில் இறங்கியிருந்தது. வழியில் ஒவ்வொரு லாரி எதிரே வந்தபோதும் ஓட்டுகிறவரின் முகத்தை எட்டிப்பார்த்தேன். கடைக்கு மேல் மாடி, குறுகலான படி. கதவைத் திறந்தவள் திரும்பிப் போய் மூட்டை கட்டுவதைத் தொடர்ந்தாள். துணி மூட்டை, பாத்திர மூட்டை, ஒரு தையல் மிஷின். சுவரில் மகள் ஒட்டியிருந்த படங்களை அவள் கிழியாமல் உரிக்கப் பார்த்தாள். இரண்டு கிழிந்தன. மிச்சத்தை விட்டுவிட்டாள்.

மகள் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் படியில் உட்கார்ந்திருந்தாள். எட்டோ ஒன்பதோ வயதிருக்கும். "ஏம்மா திரும்பவும் போறோம்?" என்றாள்.

"சும்மாதான்" என்றாள் அம்மா.

தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அக்கா நின்றாள். "சும்மா இல்லம்மா, என்னாலதான். நான் ஒரு வேலையைச் சரியா பார்க்கலை" என்றாள்.

குழந்தை அவளை நிமிர்ந்து பார்த்தது. கோபமெல்லாம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டது.

"இந்த ஸ்கூல்ல இப்பத்தான் எனக்கு ஃப்ரெண்ட் கிடைச்சா. அவகிட்ட நான் எங்க போறேன்னு சொல்லலாமா?"

அக்கா தையல் மிஷினைப் படியில் இறக்கி வைத்தாள். படிக்கு மேலிருந்து அம்மாதான் சொன்னாள்.

"வேண்டாம்."