சரியாகப் போட்டதற்கு விழுந்த அடி

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆனதற்காக அப்பாவிடம் அடி வாங்கியவன் நான். அதுவும் சரியாகச் சேர்த்துவிட்டதற்காக. ஐம்பதைத் தொடப் போகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் பள்ளி கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டி இருந்தது. கேரளத்துப் பள்ளிதான், ஆனால் தமிழ் வழி. பத்தாம் வகுப்பில் வேதியியலுக்கு வந்த சாருக்கோ தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தெற்கே ஏதோ கடலோரத்து ஊர்க்காரரைப் பிடித்து இங்கே தள்ளியிருந்தார்கள். மலையாளம் எங்களுக்கும் வரும். பஸ்ஸில் சண்டை போடவும் சந்தையில் பேரம் பேசவும் அது போதும், வேதியியலுக்குப் போதாது. தமிழ்ப் புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் சார் வாங்கிக்கொள்வார். பலகையில் சமன்பாட்டை எழுதுவார், முன்னால் எண்களைப் போடுவார், "மனசிலாயோ?" என்பார், புரிந்ததா என்று. நாங்கள் "ஆயி" என்போம். அத்தோடு பாடம் முடிந்தது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. எண்ணை ஏன் முன்னால்தான் போட வேண்டும்? அடியில் இருக்கிற குட்டி இரண்டை அழித்து மாற்றினால் ஒரு நொடியில் கணக்கு முடியுமே? அதை எந்த மொழியில் கேட்பது என்று தெரியாமலே பாதி வருஷம் போய்விட்டது.

மார்ச்சில் பரீட்சை, தமிழ் தெரிந்த ஆசிரியர் வேண்டும் என்று ஊரார் புகார் அனுப்பினார்கள். ஒரு நாள் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். வகுப்பு வாசலில் அப்பாக்கள் கூட்டம், என் அப்பா முன்வரிசையில். யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார் அதிகாரி.

"ஏனுங்க, என்ற பையனையே கேளுங்க," என்றார் அப்பா. "ஒரு மண்ணுந் தெரியாதுங்க. நாங் கேரண்டி."

என்னைப் பெற்றவர் நாலு பேர் முன்னால் என்னைப் பற்றி அவ்வளவு பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. உள்ளே போகும்போது காதோடு சொன்னார்: "தப்பாப் போட்டுட்டு வா கண்ணு. சாயந்தரம் பரோட்டா வாங்கித் தாரேன்."

அதிகாரி பலகையில் H₂ + O₂ → H₂O என்று எழுதினார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதில் எவிடெயா தமிழ், எவிடெயா மலையாளம்? ரசாயனத்துக்கு பாஷையில்ல."

உள்ளங்கை வியர்வையில் சாக்பீஸ் மாவாகிக்கொண்டிருந்தது. தப்பாகப் போட வேண்டும், அவ்வளவுதானே? ஆனால் தப்பாகப் போடுவதற்கும் சரி எதுவென்று தெரிந்திருக்க வேண்டுமாமே! அந்த வசதியெல்லாம் எனக்கேது? ஹைட்ரஜனுக்கு முன்னால் ஒரு 2 போட்டேன். இன்னும் கொஞ்சம் கெடுத்துவைப்போம் என்று தண்ணீருக்கு முன்னால் இன்னொரு 2. நடுவில் ஆக்சிஜனுக்கும் ஒன்று வைக்கப் போனேன், அதற்குள் அதிகாரி என் கையைப் பிடித்துவிட்டார்.

"மிடுக்கன்!"

கெட்டிக்காரனாம் நான். விரல் வைத்து எண்ணிக் காட்டினார். இந்தப் பக்கம் நாலு ஹைட்ரஜன், அந்தப் பக்கமும் நாலு. ஆக்சிஜன் இரண்டுக்கு இரண்டு. வாசலில் அப்பாக்கள் தலையில் கை வைத்தார்கள். பிள்ளைகள் நன்றாகத் தேறியிருக்கிறார்கள், வேறு ஆசிரியர் அவசியமில்லை என்று அங்கேயே எழுதிக்கொண்டு ஜீப் ஏறினார். ஒரு வகுப்பையே ஒரு மடையனின் நடுக்கத்தை வைத்து அளந்துவிட்டுப் போன மகானுபாவன்! சமன்பாட்டுக்கு மொழி கிடையாதாம். சந்தேகத்துக்கு உண்டே ஐயா!

வீட்டில் அப்பா கையில் கிடைத்ததை எடுத்தார். "பத்து வருசமா ஒண்ணுந் தெரியாதவனுக்கு இன்னைக்குத்தான் தெரியோணுமாடா?"

"நெசமாத் தெரியாதுங்கப்பா!" என்று அலறினேன். வாழ்க்கையில் அவரிடம் சொன்ன முதல் உண்மை அது. அதை மட்டும் அவர் நம்பவில்லை.

"உடு தம்பி," என்று பெரியப்பா குறுக்கே வந்தார். "பையன் படிச்சுட்டான்னு அடிக்கிற ஊடு இந்த ஊர்ல நம்மூடு ஒண்ணுதான்."

தமிழ் தெரிந்த ஆசிரியர் வரவில்லை. மார்ச்சில் வகுப்பில் பாதிப் பேர் தேறவில்லை. வேதியியலில் என் மதிப்பெண் ஒற்றை இலக்கம்.

அந்தப் புகாரை மலையாளத்தில் எழுதிக் கொடுத்ததே சார்தான் என்று, நான் பெரியவனான பிறகு அப்பா சொன்னார். எங்களுக்கு வேறு ஆசிரியர் கிடைத்திருந்தால் அவருக்குச் சொந்த ஊர் கிடைத்திருக்கும். அங்கே அவருக்கு அப்போது பிறந்து மூன்று மாதமான குழந்தை இருந்தது. விடுமுறையில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தாராம்.

அன்றைக்கு ஜீப் போன பிறகு சார் என்னிடம் வந்தார். தலைமேல் கையை வைத்தார். கண்கள் நிறைந்து வழிந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"சார், இன்னொண்ணு போட்டுக் காட்டட்டுங்களா?" என்று கேட்டேன்.