மூன்றாவது சாக்கு

லண்டனிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டாள். மட்டாஞ்சேரியில் எனக்கு வியர்த்து ஊற்றியது. எதிர்க் கிடங்கிலிருந்து சாக்கு வாடை வந்துகொண்டிருந்தது.

"இங்க நல்ல தணுப்பும்மா. வாழைய மூடிட்டேன், பாருங்க" என்று தோட்டத்தைக் காட்டினாள். வைக்கோல் திணித்து, சாக்கு சுற்றி, வாழைகள் ஆள் உயரத்துக்கு நின்றன.

என் சின்ன வயதில், மூணாறில் எங்கள் எஸ்டேட் வீட்டுக்குப் பின்னாலும் இப்படித்தான் நிற்கும். மார்கழி உறைபனியில் வாழை கருகிவிடும் என்று அப்பா இரண்டு கன்றுகளுக்கும் காய்ந்த புல்லை வைத்துச் சாக்கைக் கட்டுவார்.

ஒரு விடியலில் பல் துலக்கக் குழாயடிக்குப் போனேன். புல்தரை உப்புக் கொட்டியது போல வெளுத்துக் கிடந்தது. வாழைப்பக்கம் மூன்று சாக்குகள் நின்றன. திரும்ப எண்ணினேன். மூன்றுதான். மூன்றாவதன் அடியில் இரண்டு கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"பாப்பா, அசையாத. பின்னால பாக்காத" என்றது சாக்கு, அப்பாவின் குரலில்.

என் பிடரியில் சூடான மூச்சு பட்டது. பச்சைப்புல் நாற்றம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்பா வந்து தூக்கியபோதுதான் பின்னால் நின்ற யானை போய்விட்டது தெரிந்தது.

கட்டுகளைப் பார்க்க வந்த அப்பா, யானையைக் கண்டதும் கையிலிருந்த சாக்கைத் தலைவழியே கவிழ்த்துக்கொண்டாராம். வாழை தின்ன வந்த யானைக்கு முன்னால் வாழையாகவே நின்ற மனுஷன்!

"எத்தனை வாழைடி வெச்சிருக்கே?"

"ரெண்டும்மா."

திரையில் எண்ணினேன். இரண்டுதான்.

"சரி, உனக்குப் பின்னால என்ன இருக்கு? காட்டு."

"லண்டன்ல யானையாம்மா?" என்று சிரித்தாள், இந்தக் கதையைப் பலமுறை கேட்டவள்.

"காட்டுடி" என்றேன்.