பூத்த நிரை

தேயிலைப் பூவின் மணம் எட்டி நின்றால் தெரியாது. மூக்கருகே கொண்டுபோனால் மட்டும், மழையில் நனைந்த துணியில் தேனைத் தடவியது போல ஒரு மெல்லிய வாடை வரும், நடுவிலுள்ள மஞ்சள் தூள் நுனிமூக்கில் ஒட்டிக்கொள்ளும். பிரிஞ்சாங் ஊருக்கு மேலே, மலைச்சரிவில் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில், எங்கள் வீட்டில் அந்தப் பூங்கொத்து ஒன்று சில நாள்கள் டம்ளர் தண்ணீரில் இருந்தது. என் தங்கைக்கு வெண்மலர் என்று பெயர் வந்தது அதிலிருந்துதான்.

அந்தக் கொத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அத்தை, அப்பாவின் அக்கா. அழகுக்காக அல்ல, குறை சொல்வதற்காகக் கொண்டுவந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி "நிரை" உண்டு. அந்த வரிசைச் செடிகளுக்கு அவளே பொறுப்பு. ஒழுங்காகக் கிள்ளி வந்தால் செடி தளிர்விட்டுக்கொண்டே இருக்கும். கை படாமல் விட்டால் பூக்கும். பூத்த செடியைக் கண்டால், வேலையை மேற்பார்க்கும் கங்காணி மலையே கேட்கும்படி ஏசுவார். அம்மா கர்ப்பமாகிச் சில மாதங்களிலேயே மலையேறுவதை நிறுத்திவிட்டார். மற்றப் பெண்கள் அவருடைய நிரையையும் சேர்த்துப் பறித்தார்கள் என்றாலும், பள்ளத்தை ஒட்டிய செங்குத்தான மூலைக்கு யாரும் இறங்கவில்லை.

"பாரு, ஒன் நிரையோட லட்சணத்த! பூந்தோட்டம் போட்ட மாரி இருக்கு லா," என்று அத்தை கொத்தை நீட்டினார். அம்மா அதை வாங்கித் தண்ணீரில் வைத்தார்.

தங்கை பிறந்தாள். எங்கள் பக்கத்தில் முப்பதாம் நாள் சாமி கும்பிட்டு, அத்தை முறையுள்ளவர் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். அவர் சொல்லாத பெயர் பெயராகாது. அன்று காலை, சாம்பிராணிப் புகை நிறைந்த முன்னறையில், வெண்மலர் என்று அம்மா சொன்னதும் அத்தை குழந்தையைத் தொட்டிலிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த வெள்ளப் பூவு? அந்தப் பூவா? ஏச்சு வாங்கிக் குடுக்குற பூவையா புள்ளைக்கு வப்பாங்க? தளிருன்னு வையி, அதான் நமக்குச் சோறு போடுது. இதச் சொல்ல என் வாய் வராது."

"அடுத்தது பையன் பொறந்தா களைன்னு வச்சிருவோம் லா," என்றார் பக்கத்து வீட்டு அக்கா. வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். தோட்டத்து லோரி ஓட்டும் அப்பா, "ரெண்டு பேரும் பேசி முடிங்க, நா லோரியக் கழுவிட்டு வரேன்," என்று வெளியே நழுவப் பார்த்தார்.

அம்மா சிரிக்கவில்லை. எனக்கும் தங்கைக்கும் இடையில் ஒரு குழந்தை இருந்திருக்க வேண்டும். அது வயிற்றில் இருந்தபோது அம்மா கடைசி மாதம் வரை மலையேறினார். ஒரு மழை நாளில் நிறைந்த கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்தார். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அன்றுதான் அம்மாவே அதைச் சொல்லி முதல்முறையாகக் கேட்டேன்.

"அண்ணி, அந்தப் புள்ள வயித்துல இருந்தப்ப என் நிரையில ஒரு பூ கெடையாது. கங்காணிகூட எல்லார் முன்னாலயும் என்னயத்தான் மெச்சுனாரு. புள்ளதான் இல்ல. இந்தத் தடவ நா வூட்டுல இருந்தேன், செடி பூத்துச்சு, இவ வந்தா. வேற பேரு எனக்குத் தெரியல."

சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அத்தை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையை எடுத்து, அதன் காதருகே குனிந்தார். மூன்று முறையும் அந்தப் பெயர் எங்களுக்குக் கேட்டது.

அம்மா மீண்டும் வேலைக்குப் புறப்பட்ட நாளில், அத்தை விடியும் முன்பே மலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். அம்மா போய்ச் சேர்ந்தபோது பள்ளத்து மூலைச் செடிகளில் ஒரு பூகூட இல்லை. எல்லாம் வேரடியில் கிள்ளிப் போடப்பட்டிருந்தன. "பேரு புள்ளைக்கு இருக்கட்டும், செடிக்கு வேணாம்," என்றாராம் அத்தை. "மொத நாளே ஒன்னய எவனும் ஏசக் கூடாது."

அத்தையும் அம்மாவும் இப்போது இல்லை. வெண்மலர் ஈப்போவில் இருக்கிறாள். பெயருக்குப் பொருள் கேட்பவர்களிடம் வெள்ளைப் பூ என்று மட்டும் சொல்கிறாள். இப்போதெல்லாம் குழந்தைகளின் பெயர்கள், அவர்கள் பிறப்பதற்கு முன்பே கைப்பேசியில் தேடி முடிவாகிவிடுகின்றன. முப்பதாம் நாள் அத்தைமார் குனிந்து சொல்வது எல்லோருக்கும் முன்பே தெரிந்த பெயர்தான். அந்தச் சரிவில் இன்று இரண்டு பேர் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு செடிகளின் தலையைச் சீராக வெட்டிக்கொண்டு போகிறார்கள். இது இன்னாருடைய நிரை என்பது ஒழிந்துவிட்டது. இயந்திரம் எட்டாத பள்ளத்து ஓரங்களில் செடி பூக்கத்தான் செய்கிறது. அதற்காக ஏச்சு வாங்க யாரும் இல்லை. அந்த ஏச்சு இன்னொருத்திக்கு வரக் கூடாதென்று, முந்திப் போய்க் கிள்ளிப் போடவும் யாரும் இல்லை.