அண்ணி போடாத வரிசைகள்

அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் பின்னல் குழுவில் அவளுக்குத் 'திருத்தம்' என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவள் அண்ணி, அதாவது காலமான அண்ணனின் மனைவி. பெயரில் குத்தல் இருந்தது, பொய் இல்லை. பேருந்து நிறுத்தத்து அறிவிப்பில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால், பேருந்து வந்து நின்றாலும் ஏறாமல் பைக்குள் பேனாவைத் துழாவிக்கொண்டிருப்பவள் அவள்.

குழு கூடியது ஒரு லாண்டரியின் பின்னறையில். துணி உலர்த்தும் இயந்திரங்களின் சூடு சுவர் வழியாக வரும். குளிர்காலத்தில் அந்தத் தெருவில் செலவில்லாமல் கதகதப்பாக இருந்த இடம் அது ஒன்றுதான். வாரத்தில் ஒரு மாலை, துணி மடிக்கிற நீள மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து மப்ளர், குல்லா, பேரப்பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் என்று பின்னுவார்கள். லாண்டரிக்காரரும் கடையை ஒரு கண்ணாலும் ஊசியை மறு கண்ணாலும் பார்த்தபடி காலுறை பின்னுவார். அவர் காலுறையில் எப்போதும் ஒன்று நீளமாக இருக்கும். "மனுஷனுக்கு ரெண்டு காலும் ஒரே அளவா என்ன?" என்பார்.

குழுவுக்கு இரண்டே வழக்கங்கள். பாதியில் நிற்கும் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அவரவர் பையில் அலமாரியிலேயே இருக்க வேண்டும். வீட்டுக்குப் போன வேலை திரும்பி வந்ததில்லை, பல சமயம் ஆளும் வந்ததில்லை. இன்னொன்று, ஊசியில் மாட்டிய நூல் வளையம், அதாவது கண்ணி, நழுவி ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பிடித்து மாட்டிக் கொடுக்கலாம். ஆனால் ஒருவர் போட்ட வரிசையை மற்றவர் தொடக் கூடாது. கோணலோ நேரோ, போட்டவருக்குத்தான் அது சொந்தம்.

முன்பெல்லாம் அண்ணிதான் அந்த மேசைக்கு ராணி. கையைப் பார்க்காமல், பேச்சை நிறுத்தாமல் பின்னுவாள். தளர்ந்து மெத்தென்று விழும் பின்னல். திருத்தத்தின் பின்னலோ இறுக்கம். "உன் குல்லாவைக் கவுத்து வெச்சா தண்ணி பிடிக்கலாம்டி, ஒரு சொட்டு ஒழுகாது" என்பாள் அண்ணி. எல்லாரும் சிரிப்பார்கள். திருத்தமும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வீடுவரை உடன் வராது.

கோடை முடிகிற சமயத்தில் அண்ணியின் மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பேச்சும் நடையும் பாதிப்பில்லாமல் தப்பின. வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று. விரல் நுனிகளில் உணர்ச்சி மங்கிவிட்டது. கைக்குப் பயிற்சி கொடுத்த பெண், "உங்களுக்குப் பின்னத் தெரியுமாமே. பிறந்திருக்கிற பேரனுக்கு ஒரு போர்வை பின்னுங்க. இங்க வரும்போதெல்லாம் அதைக் கொண்டுவந்து காட்டுங்க" என்றாள். கீழிருந்து மேலே வளருகிற போர்வையில் கை தேறுவதை அப்படியே படித்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. நல்ல கணக்குதான், பின்னுகிற கை ஒன்றாக இருக்கும்வரை.

சிகிச்சைக்குப் போகிற நாளில் மட்டும் போர்வை அலமாரியைவிட்டு வெளியே போய்வந்தது. முதல் வாரங்களில் அண்ணி நாலு விரல் உயரம் பின்னினாள். கண்ணிகள் ஓரிடத்தில் வாயைப் பிளந்தன, ஓரிடத்தில் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன. அண்ணியின் கண் ஊசியைவிட்டு நகரவில்லை, வாயிலிருந்து பேச்சும் வரவில்லை. மேசையே அவளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கடை சாத்துகிற பொறுப்பு திருத்தத்துடையது. அந்த நேரம் லாண்டரிக்காரர் வீடுகளுக்குத் துணி கொடுக்கப் போய்விடுவார். அப்படி ஒரு மாலை பைகளை அலமாரியில் அடுக்கியபோது அண்ணியின் பையிலிருந்து போர்வையின் ஓரம் எட்டிப் பார்த்தது. அன்று போட்ட வரிசைகளில் ஒரு கண்ணி நழுவி இறங்கியிருந்தது. அதை எடுத்து மாட்டினாள். அதில் தவறில்லை, வழக்கம்தான். மாட்டியபோது பக்கத்துக் கண்ணி பிசகியிருப்பது தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. நின்றபடியே அன்றைய வரிசைகளை உருவிவிட்டு, உட்கார்ந்து, அத்தனையையும் தானே பின்னி முடித்தாள்.

அடுத்த வாரம் அண்ணி போர்வையை மடியில் விரித்துத் தடவிப் பார்த்தாள். "போன வாரம் இவ்வளவு நல்லாவா போட்டேன்?"

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருந்தால் விஷயம் ஒரு சின்னத் திட்டோடு முடிந்திருக்கும். திருத்தம், "கை திரும்புது அண்ணி" என்றாள்.

அண்ணியின் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு உண்மைக்கு வாயைத் திறக்க வழியில்லை. வாரா வாரம் அண்ணி பின்னினாள்; வாரா வாரம் ஆளில்லாத அறையில் நாத்தனார் அதை உருவிப் பின்னினாள். தன் இறுக்கத்தைத் தளர்த்தி அண்ணியின் கையைப் போலவே போட முயன்றாள். அண்ணிக்குத் தைரியம் கொடுக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உதவி என்ற மூட்டைக்குள் வேறு என்னென்ன சரக்கையெல்லாம் வைத்துக் கட்டலாம் என்பதை அந்த மாதங்களில் அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால், ஒவ்வொரு முறையும் ஊசியைக் கீழே வைக்கும்போது நெஞ்சுக்குள் ஊறிய ஒரு சின்னத் தித்திப்பை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்திருக்கும்.

குளிர் கடுமையாக இருந்த ஒரு மாலை, அண்ணியோடு அவள் மகளும் வந்தாள். தோளில் குழந்தை, கையில் போர்வை. நேரே சிகிச்சையிலிருந்து வருகிறார்கள்.

"எல்லாரும் கேளுங்க," என்றாள் மகள். "அம்மாவுக்கு இனிமே பயிற்சி வேண்டாமாம். போர்வையப் பார்த்துட்டு அந்தப் பொண்ணு மத்தவங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினா. கீழ எப்படி இருக்கு, மேல எப்படி இருக்குன்னு."

"காட்சிப்பொருள் ஆயிட்டேன்," என்றாள் அண்ணி. குரலில் பழைய ராணி திரும்பியிருந்தாள். "அடுத்து டிக்கெட் போடுவாங்க."

"அதைவிட நல்ல சேதி, அத்தை. நான் வேலைக்குத் திரும்பப் போறேன். குழந்தையப் பார்த்துக்க ஒரு அம்மாகிட்ட சொல்லி வெச்சிருந்தேன்ல, வேண்டாம்னு சொல்லிட்டேன். நாளன்னைக்கிலேருந்து பாட்டியும் பேரனும்தான் வீட்டில."

மேசை முழுவதும் மகிழ்ச்சி. யாரோ எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார்கள். அண்ணி கோப்பையை வலது கையால் எடுத்து, யாருக்கோ பதில் சொல்லத் திரும்பினாள். கோப்பை கையிலிருந்து இறங்கித் தரையில் உடைந்தது. "எந்தக் கண்ணு பட்டுச்சோ" என்று ஒருத்தி துடைக்க ஓடினாள், மற்றவர்கள் சிரித்தார்கள். திருத்தம் சிரிக்கவில்லை. அவள் பார்த்தது கோப்பையை அல்ல. கோப்பை போன பின்னும் அதைப் பிடித்திருப்பதுபோலவே காற்றில் நின்ற கையை. உடைந்த சத்தம் கேட்ட பிறகுதான் அண்ணி குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

கோப்பையின் இடத்தில் குழந்தையை வைத்துப் பார்க்காமல் இருக்கத் திருத்தத்தால் முடியவில்லை.

எல்லாரும் போன பிறகும் லாண்டரிக்காரர் அன்று துணி கொடுக்கக் கிளம்பவில்லை. இஸ்திரி போட்ட சட்டைகளைக் கட்டியபடியே, தலை நிமிராமல் பேசினார்.

"அக்கா, ஒரு சட்டைக் காலரைப் பார்த்தா எந்த வீட்டு சட்டைன்னு சொல்லிருவேன். பின்னல் அதைவிட சுலபம்."

அவள் ஊசிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அண்ணி கை எங்க போனாலும் தொளதொளன்னுதான் போகும். தளர்வா போடணும்னு நினைச்சுப் போடுற கை வேற. வரிசைக் கடைசில வந்ததும் ஒரு இழுப்பு இழுக்கும். போர்வை முழுக்க அந்த இழுப்பு இருக்கு."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"ரொம்ப நாளா." சணலை முடிச்சுப் போட்டார். "அந்த அம்மா சந்தோஷமா இருந்தாங்க, நமக்கென்னன்னு விட்டுட்டேன். இப்ப குழந்தை வந்துருச்சு நடுவுல. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லணும். எனக்கும் அதுல கொஞ்சம் பங்கு இருக்கு பாருங்க."

மறுநாள் காலை அவள் குழுவின் முதல் வழக்கத்தையும் உடைத்தாள். போர்வையைப் பையோடு எடுத்துக்கொண்டு அண்ணியின் வீட்டுக்குப் போனாள்.

வீடு நாளைய காரியத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. சமையலறை மேசைமேல் பால் புட்டிகள் கவிழ்ந்து காய்ந்தன. நாற்காலி முதுகில் சின்னத் துண்டுகள். ஓரத்தில் குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி. மகள் உள்ளறையில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, காலங்காத்தால? முடிக்கட்டும்னு கொண்டுவந்துட்டியா? சட்டம் பேசுறவளே சட்டத்தை மீறிட்டா," என்றாள் அண்ணி.

திருத்தம் போர்வையை மேசையில் விரித்தாள். வழியெல்லாம் கோத்துவைத்திருந்த வாக்கியங்கள் கலைந்துபோயின.

"அண்ணி, இது நீங்க போட்டது இல்ல."

"பின்ன யாரு, பேரனா?"

"நான். நீங்க போனதும் உங்க வரிசையப் பிரிச்சுட்டு நான் போட்டேன். ஒவ்வொரு வாரமும்."

அண்ணியின் சிரிப்பு உடனே போகவில்லை. போக வழி தெரியாமல் உதட்டிலேயே சற்று நேரம் நின்றது.

"எதுலேருந்து?"

திருத்தம் விரல் வைத்துக் காட்டினாள். கீழே நாலு விரல் உயரம். அதற்குமேல் போர்வை முழுவதும் அவளுடையது.

"எதுக்குடி?"

உங்களுக்குத் தைரியம் வரட்டும் என்றுதான். பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பாதி உண்மையாகவும் இருந்தது. ஆனால் முக்கால் ஆயுள் பிழை பார்த்தே பழகிய கண்ணுக்கு, அதில் ஒரு வரி விட்டுப்போயிருப்பது தெரிந்தது.

"மொதல்ல பாவமா இருந்துச்சு," என்றாள். "அப்புறம் உங்களைவிட நல்லா போடுறேன்னு ஒரு சந்தோஷம். அது பிடிச்சுப் போச்சு."

அண்ணி போர்வையைத் திருத்தத்தின் பக்கம் தள்ளினாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"பிரி."

"முழுசுமா?"

"உன்னோடதை மட்டும்."

இழையின் நுனியைப் பிடித்து இழுத்ததும் வரிசைகள் சரசரவென்று கழன்றன. நேர்த்தியான பின்னல், ஒரு சிக்கல் இல்லாமல் வந்தது. ஒரு குளிர்காலத்தின் வேலை மேசைமேல் சுருள் சுருளாய்க் குவிந்தது. நாலு விரல் பட்டை வந்ததும் நிறுத்தினாள். அண்ணி அந்தக் கோணல் பட்டையின் மேல் வலது கையை வைத்தாள். உணர்ச்சி எட்டவில்லை போலும். இடது கையாலும் தடவினாள்.

"அப்போ இதான் என் கை," என்றாள். "அதுவும் அப்போ இருந்த கை. இப்ப எப்படி இருக்குன்னு எனக்கே தெரியாது. நான் போட்டதையெல்லாம் நீ பிரிச்சுட்டே. கொஞ்சம் தேறியிருந்தாக்கூட அது எங்கேன்னு தேடுவேன்?"

இதைத் திருத்தம் யோசித்தே இருக்கவில்லை. பொய்யான நல்ல வரிசைகளைச் சேர்த்தது ஒரு குற்றம். உண்மையான மோசமான வரிசைகளை அழித்தது வேறொன்று, அதைவிடப் பெரியது. அந்த வரிசைகளில் மெல்ல மெல்ல ஒரு கை எழுந்து வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். இனி யாருக்கும் தெரியாது.

மகள் வந்தாள். குவிந்த நூலைப் பார்த்தாள், இருவரையும் பார்த்தாள். திருத்தம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். இரண்டாம் முறை சுலபமாக இல்லை.

மகள் குரலை உயர்த்தவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "குளிப்பாட்டும்போது கை விட்டிருந்தா, அத்தை?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டிருந்த, பிள்ளை பார்க்கிற அந்த அம்மா வேறு வீட்டுக்கு ஒப்புக்கொண்டுவிட்டாள் என்பது கதவுக்கு இந்தப்பக்கமே கேட்டது.

"நான் வர்றேன்," என்றாள் திருத்தம். "தினமும். அவ வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் கூடவே இருக்கேன்."

அண்ணி நூல் குவியலை மேசை ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"வா. வராம எங்க போவே? ஆனா குழந்தையத் தூக்குறதும் குளிப்பாட்டுறதும் உன் வேலை. மிச்சம் என் வேலை. நான் கேக்காம என் கைல இருக்கிற எதையும் தொடக் கூடாது. எவ்வளவு நேரமானாலும்."

பயிற்சி மறுபடி தொடங்கியது. பிரித்த நூலை அண்ணி அலசி, ஈரத்தோடு தொங்கவிட்டு, நுனியில் ஒரு சாவிக்கொத்தைக் கட்டினாள். கனத்தில் சுருக்கம் போகும் என்பது பின்னுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். எல்லாச் சுருக்கமும் போகவில்லை.

திருத்தம் தினமும் போனாள். மடியில் கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். அண்ணி பால் புட்டியின் மூடியோடு போராடுவாள். குழந்தைச் சட்டையின் ஒரு பொத்தானுக்குக் காலைப் பொழுதில் ஒரு பகுதியே போய்விடும். திருத்தத்தின் விரல்கள் தாமாக அசையும். அவற்றை ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்வாள். தேவையான நேரத்தில் தவிர அண்ணி அவளோடு பேசுவதில்லை. குல்லாவைப் பற்றிக் கேலியும் இல்லை. அந்தக் கேலிக்காக ஒருநாள் ஏங்குவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

போர்வை மறுபடி வளர்ந்தது, நாலு விரலுக்கு மேலே, அதே கோணலில். அது கொஞ்சம் குறைந்த கோணலா என்று திருத்தம் தன் கண்ணை நம்பிச் சொல்லத் தயாராக இல்லை. குழுவில் அண்ணி இப்போது மேசையின் மறுமுனையில் உட்காருகிறாள். போகும்போது பையைக் கையோடு எடுத்துப் போகிறாள். வழக்கத்தை மீறுவதாக யாரும் சொல்லவில்லை.

குளிர் தணிந்த ஒரு முற்பகலில், குழந்தை தரை விரிப்பில் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தபோது, அண்ணி ஊசியை நிறுத்தினாள்.

"நழுவிடுச்சு," என்றாள். "எடுத்துக் குடு."

திருத்தம் போர்வையை வாங்கினாள். கண்ணி மூன்று வரிசைக்குக் கீழே இறங்கியிருந்தது. ஏற்றி மாட்டினாள். அதற்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணி முறுக்கிக்கொண்டு தப்பாய் நின்றது. கண்ணுக்குள் துரும்பு விழுந்ததுபோல உறுத்தியது. அதைத் தாண்டிக் கையை எடுத்து, போர்வையைத் திருப்பிக் கொடுத்தாள்.

அண்ணி உடனே பின்னத் தொடங்கவில்லை. போர்வையை வெளிச்சத்தில் பிடித்து, அந்த இடத்தை விரல் வைத்துத் தேடினாள். தப்பு அங்கேயே இருந்தது. இருக்கிறதென்று உறுதி செய்துகொண்டு, அடுத்த வரிசையைத் தொடங்கினாள்.