இரண்டாவது பிரேக்

என் மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், அம்மாவின் தம்பி. சபையில் அவருக்கு 'பிரேக் மாமா' என்றுதான் பெயர். ஒருமுறை போதகரே மறந்துபோய்ப் பிரசங்க மேடையிலிருந்து அப்படிக் கூப்பிட்டுவிட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிவில் ஐந்து நிமிடம் தியானம் சொல்ல மாமாவை விடுவார்கள். எந்த வசனத்தில் கிளம்பினாலும் ரோட்டில் வந்து நிற்பார். லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்து உப்புத்தூணான கதையைச் சொல்லி, "பாவம், அந்தம்மாகிட்ட கண்ணாடி இல்ல. இருந்திருந்தா தலையைத் திருப்பாமலே பின்னாடி பார்த்திருக்கலாம்" என்பார். வேதத்தில் ரதத்தைத் தாறுமாறாக ஓட்டுகிற யெகூ ராஜா தன்னிடம் பழக வந்திருந்தால் முதல் நாளே இறக்கி விட்டிருப்பேன் என்பார். சபை குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். அப்புறம் குரலை இறக்கி, "ஓட்டுறவர் யாருன்னு தெரிஞ்சா, பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்கு எதுக்குப் பயம்? அதுதாங்க விசுவாசம்" என்று முடிப்பார். சிரித்தவர்களே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அத்தைக்கு பேக்கரியில் வேலை. கேக் மேல் க்ரீம் பிழிந்து பெயர் எழுதுவாள். அத்தையின் அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஆலயத்துக்கு வந்தே வெகுநாளாகிவிட்டது. "நான் லைசென்ஸ் வாங்கி உன்னைக் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்று அத்தை வாக்குக் கொடுத்திருந்தாள். மாமாவே கூட்டி வரலாமே என்றால், ஞாயிறு காலையில்தான் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் கார் பழக வருவார்கள். மாமா முதல் பாட்டு முடிகிற நேரத்துக்கு வியர்த்து வழிய ஓடிவந்து கடைசி பெஞ்சில் உட்காருவார்.

ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவரின் மனைவி இரண்டு முறை டெஸ்டில் தோற்றாள். இரண்டு முறையும் ஒரே மாதிரிதான். நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி, கார் மெதுவாக, மிக மரியாதையாக, ஓரத்துச் செடிகளுக்குள் போய் நுழைந்தது. முதல் முறை பதற்றம் என்றார்கள். இரண்டாம் முறை சாத்தானின் தந்திரம் என்று உபவாச ஜெபம் வைத்தார்கள். "பிரேக் போடலையாம்மா?" என்று அதிகாரி கேட்டதற்கு அத்தை, "லேசா காலை வச்சேனே சார். எப்பவும் நின்னுடுமே!" என்றாளாம்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா இனி ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டேன்" என்று அத்தை சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மூன்றாவது டெஸ்டுக்கு முந்தின வாரம் நானும் பயிற்சிக் காரில் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், ஆபத்துக்கு உதவ. முன்னால் சிக்னல் சிவப்பானது. அத்தை கால் எழும்புமுன்பே மாமாவின் கால் அமுக்கிவிட்டது. ஒரு நாய் தெருவைக் கடப்பதா வேண்டாமா என்று யோசித்தது, மாமா அமுக்கினார். எதிரே ஒன்றுமே இல்லை; அதற்கும் அமுக்கினார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அத்தை, காரை நீங்க நிறுத்தவே இல்ல. எல்லாத்தையும் மாமா கால்தான் நிறுத்துது!"

அத்தை குனிந்து பார்த்தாள். மாமா திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, இத்தனை மாசமா நான் பிரேக்கே போடலையா?"

"பழக்க தோஷம்மா. எனக்கே தெரியாம கால் போயிடுது."

"மத்தவங்களுக்கும் இப்படித்தானா?"

"மத்தவங்களுக்குத் தேவைப்பட்டா மட்டும்தான்." மாமா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நீன்னா... பயமா இருக்கும்மா."

"ஞாயித்துக்கிழமை எவ்ளோ அழகா பேசினீங்க! ஊருக்கு உபதேசம், உங்களுக்கு இல்ல. அப்படித்தானே?"

மறுநாளிலிருந்து அத்தை என் அப்பாவின் காரில் பழகினாள். அதில் ஒரே பிரேக், அதுவும் அவள் காலடியில். மாமா பக்கத்து சீட்டில். ஐயோ, அந்த வாரம் நான் சிரித்த சிரிப்பில் விலா எலும்பு வலித்தது! தெருமுனை வந்ததும் மாமாவின் கால் வெறும் தரையை மிதிமிதியென்று மிதித்தது. கால்மிதி சுருண்டு மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. ரவுண்டானாவில் ஸ்தோத்திரம் சொன்னார். லாரி பக்கத்தில் வந்தபோது மரண இருளின் பள்ளத்தாக்கைப் பற்றிய சங்கீதத்தை எடுத்தார். "நான் திரும்புற வரைக்கும் அதைச் சொல்லாதீங்க!" என்று அத்தை கத்தினாள். முதல் நாள் அவள் பிரேக் போட்ட போட்டில் நாங்கள் மூவரும் ஒருமித்துத் தலைவணங்கினோம். நாலாம் நாள் கார் வழுக்கிக்கொண்டு வந்து கோட்டில் சரியாக நின்றது. மாமாவின் கால் மட்டும் கடைசி நாள் வரை அடங்கவில்லை.

டெஸ்ட் அன்று மாமா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அத்தை கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்தினாள். அதிகாரி இறங்கி வந்து அந்தச் செடிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார். நான் குதித்தேன். மாமா அழுதார். அத்தை, "அக்காவை இப்பவே பார்க்கணும், ஏறுங்க" என்றாள்.

அக்கா வீடு நகரத்தின் மறுகோடியில். நான் பின் சீட்டிலிருந்து வழியெல்லாம் மாமாவைக் கிண்டல் செய்துகொண்டே வந்தேன். பதிலே இல்லை. எட்டிப் பார்த்தேன். சீட்டில் சாய்ந்து, வாய் திறந்து, நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு பஸ் சட்டென்று நின்றது. அத்தை பூப்போல பிரேக் போட்டாள். மாமாவின் கால் அசையவில்லை.

அக்கா வீட்டு வாசல் வந்தது. கார் நிற்காமல் தாண்டிப் போனது.

"அத்தை! வீடு போயிடுச்சு!"

"உஷ்! தெரியும்டி." அத்தையின் கன்னம் நனைந்திருந்தது, வாயெல்லாம் சிரிப்பு. "நிறுத்தினா முழிச்சிடுவாரு. இன்னொரு சுத்து சுத்திட்டு வருவோம். புயல்லகூட படகுல ஆண்டவர் சீஷர்களை நம்பி எவ்ளோ நிம்மதியாத் தூங்கினாரு! போய் எழுப்பிட்டாங்களே, மடப்பசங்க. நான் எழுப்ப மாட்டேன்."